கொல்லைப்புறக் கல்யாணத் தரகன்

இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஹெல்லிபோர் என்று ஒரு செடி. டிசம்பர், ஜனவரியில் மற்ற செடியெல்லாம் பனியில் சுருண்டு கிடக்க, இது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பூக்கும். அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஈர மண்ணில் மண்டி போட்டு, மோவாயைப் பிடித்துத் தூக்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெரிய அத்தை செய்வாளே, அதே மாதிரி.

பார்த்ததோடு விட்டார்களா? ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் பிரஷ்ஷால் தடவி, விதை கட்டி, அதை விதைத்து, இரண்டு மூன்று வருஷம் காத்திருந்து, கடைசியில் பூக்கும்போது "அடடா, ஊதாவில் ஒரு புள்ளி கூடியிருக்கிறதே!" என்று சந்தோஷப்படுகிற ஜனங்கள் அவர்கள். எலிசபெத் ஸ்ட்ராங்மன் என்ற அம்மணி 1971-ல் மாண்டிநீக்ரோ மலைப்பக்கம் போனபோது அடுக்கு இதழோடு ஒரு காட்டு ஹெல்லிபோரைப் பார்த்துவிட்டார். அதைக் கொண்டுவந்து கென்ட்டில் இருந்த தன் நர்சரியில் கல்யாணம் பண்ணி வைத்தார். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இன்று ஊரெல்லாம்.

இத்தனை கொஞ்சலுக்கும் ஆளான செடி, வேரிலிருந்து விதை வரை விஷம். கிரேக்கர்கள் கிர்ரா என்ற ஊரை முற்றுகையிட்டபோது ஊருக்குள் போகும் தண்ணீரில் ஹெல்லிபோரைக் கலந்துவிட்டார்கள், காவல்காரர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட, ஊர் விழுந்தது என்று ஒரு பழைய கதை இருக்கிறது.

சரி, தஞ்சாவூரில் ஹெல்லிபோர் வளருமா?

வளராது. அதற்குக் குளிர் வேண்டும். நம்மூர் மார்கழியை அது குளிர் என்றே ஒத்துக்கொள்ளாது. மஃப்ளர் சுற்றிக்கொண்டு காபிக்கு வரிசையில் நிற்கும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வெள்ளைக்காரன் காலத்து மருந்துப் புத்தகங்களில் நாட்டுமருந்துக் கடைக் கடுகுரோகிணிக்கு 'பிளாக் ஹெல்லிபோர்' என்று பெயர் போட்டிருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். கடுகுரோகிணி இமயமலைச் சரக்கு, வேறு குடும்பம். கசப்பு ஒன்றுதான் பொருத்தம். கசப்பை மட்டும் வைத்து ஜாதகம் பார்த்தால் பாகற்காயும் சம்பந்திதான்.

ஆனால் நமக்கென்று ஒன்று இருக்கிறது. அதுவும் தலைகுனிந்து பூக்கும். அதுவும் விஷம். அதையும் கையால் கல்யாணம் பண்ணி வைக்கலாம், விதையிலிருந்து பூவுக்கு மூன்று வருஷம் தவமிருக்கலாம். செங்காந்தள்.

நம் மாநிலத்துப் பூ எது என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மல்லி?" என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் "தாமரை" என்று சொல்லிவிட்டு அரசியலாகிவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். காந்தள்தான் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை வரிசையாக அடுக்கும்போது முதல் நாற்காலி இதற்குத்தான். இலங்கைத் தமிழர்கள் கார்த்திகைப்பூ என்பார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசியப் பூ. அந்த நாடு தெற்கு ரொடீஷியாவாக இருந்தபோது, 1947-ல், இளவரசி எலிசபெத்தின் 21-வது பிறந்த நாளுக்கு வைரத்தில் காந்தள் வடிவ புரோச் செய்து கொடுத்தார்கள்.

புலவருக்குக் காந்தள், இளவரசிக்கு வைரம். எங்கள் பக்கத்து விவசாயிக்கு மட்டும் இது கலப்பைக் கிழங்கு. கிழங்கு 'வி' எழுத்து மாதிரி வளைந்து, குட்டிக் கலப்பையாகவே இருக்கும். சமஸ்கிருதத்திலும் லாங்கலி, அதாவது கலப்பைதான். கண்வலிக் கிழங்கு என்றும் பெயர். "அந்தப் பூவை உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்" என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள். அந்தப் பயமுறுத்தலுக்குப் பின்னால் இருந்த காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

காந்தள் இலக்கியத்தில் மலைக்காரி, குறிஞ்சி நிலம். ஆனால் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் மணற்பாங்கில் வேலிகளின் மேல் தானாகவே ஏறி நிற்கும். பிரச்னை நடுவில் இருக்கிற எங்களுக்குத்தான். காவிரி பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட களிமண் நெல்லுக்குச் சொர்க்கம், கிழங்குக்கு நரகம். ஐப்பசியில் ஒரு அடைமழை அடித்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், கிழங்கு அழுகி, தோண்டிப் பார்த்தால் கஞ்சி.

அதனால் தொட்டிதான். ஒரு அடிக்குக் குறையாத ஆழம். தோட்ட மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின இலைக் குப்பை ஒரு பங்கு. (காவிரிக்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு ஒரு சட்டி ஆற்று மணலுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் கெஞ்ச வேண்டிய காலம் இது. அவர் தங்கம் நிறுக்கிற மாதிரி அளந்து கொடுத்தார்.)

ஆடியில் நட வேண்டும். நடும்போது ஒன்றில் மட்டும் கவனம். கலப்பையின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி உடைந்தால் அந்தக் கை வெறும் கட்டை, எத்தனை தண்ணீர் விட்டாலும் முளைக்காது. பஸ்ஸில் கொண்டுவரும்போது முட்டைக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி விழும்போதெல்லாம் முழங்கையை அணை கட்டி...

படுக்கவைத்து இரண்டு மூன்று அங்குலம் மண் மூடினால் போதும். கொடி வந்ததும் இலையின் நுனியைப் பாருங்கள். வால் மாதிரி நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். இலையே கை. அந்தக் கை சின்னது என்பதால் பெரிய மூங்கிலை நட்டால் பிடிக்கத் தெரியாமல் சரிந்துவிடும். மெல்லிய குச்சி, கம்பி, காய்ந்த முள்விளார், இவைதான் சரி. எங்கள் வீட்டில் முதல் வருஷம் கொடி துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஐந்து வாரம் துணியெல்லாம் நாற்காலி முதுகில்தான் காய்ந்தது. அதைப்பற்றி என் மனைவி இன்னும் பேசுகிறாள்.

புரட்டாசி, ஐப்பசியில் மொட்டு விடும். விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் வெவ்வேறு வயதுப் பூக்கள் நிற்பதால் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரே சமயத்தில் எரியும். பழைய பஸ் ஸ்டாண்ட் சிக்னலை விட ஒழுங்காக.

இதழ் ஆறும் விளிம்பு நெளிந்து, பின்பக்கமாக வளைந்து மேலே ஏறிவிடும். கேசரம் ஆறும் வட்டமாக விரியும். வேடிக்கை சூல்தண்டில்தான். நேராகத் தொங்க வேண்டியது, அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். சீர்வரிசையில் குறை கண்ட சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. தன் வீட்டு மகரந்தம் தன்மேல் படக்கூடாது என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு. வெளியிலிருந்து வண்ணத்துப்பூச்சி மாதிரி யாராவது வரவேண்டும். வராவிட்டால் காய் இல்லை.

இந்த இடத்தில்தான் தரகன் நுழைகிறான்.

வியாபாரத்துக்குக் காந்தள் போடுகிறவர்கள் இதை வயல்கணக்கில் செய்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் வட்டாரங்களில் காலை வேளையில் ஆட்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைத் தடவிக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது விதை. எந்தப் பூவின் மகரந்தம் எந்தப் பூவுக்குப் போனது என்ற கவலை இல்லை. சமூகத் திருமணம்.

வீட்டில் செய்வது குலம் கோத்திரம் பார்த்துச் செய்வது. பெண்வீட்டுப் பூ விரிகிற அன்று, மகரந்தப் பை வெடிப்பதற்கு முன்பே ஆறையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மெல்லிய மல் துணியில் தைத்த சின்னப் பையைப் பூவின்மேல் கட்டிவிட வேண்டும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காலை வெயில் ஏறுவதற்குள் மாப்பிள்ளைப் பூவிலிருந்து ஒரு மகரந்தப் பையைப் பறித்து, சூல்முடியில் தடவி, பையைத் திரும்பக் கட்டி, காம்பில் கலர் நூல் சுற்றி, சீட்டு மாட்ட வேண்டும். சீட்டுக்கு நான் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி வைத்திருக்கிறேன். பொருத்தம் கருதித்தான்.

முடிந்ததும் கைகளை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலையைச் சொறியும் முன், மூக்கைத் தொடும் முன்.

பதிவேடு கட்டாயம். பி.காம். படித்ததற்கு எனக்கு உருப்படியாகக் கிடைத்த பலன் இந்தப் பதிவேடுதான் என்று அப்பா சொல்வார். தாய் எண், தந்தை எண், தேதி, காய் பிடித்ததா, எத்தனை விதை. இது இல்லாவிட்டால் மூன்று வருஷம் கழித்து ஒரு நல்ல பூ வரும், யாருடைய பிள்ளை என்று தெரியாமல் கொல்லையில் நின்று முழிக்க வேண்டும். ஓப்பனிங் ஸ்டாக், குளோசிங் ஸ்டாக் வேறு. கிழங்கு மண்ணுக்குள்ளேயே ஒன்று இரண்டாகப் பெருகுவதால் இந்தக் கணக்கு எந்த வருஷமும் டாலி ஆகாது.

தையில் காய் சுருங்கி வெடிக்கும். உள்ளே செக்கச் செவேலென்று உருண்டை விதைகள். அவை லேசில் முளைக்காது. மாதக்கணக்கில் உறங்கும். ஆடியில் ஊறவைத்துப் போட்டால் சில மூன்று வாரத்தில் தலைகாட்டும், சில அடுத்த வருஷம் "கூப்பிட்டீங்களா?" என்று எழுந்திருக்கும். முதல் வருஷம் புல் மாதிரி இரண்டு இலை. கோடையில் அதுவும் காய்ந்து, அடியில் ஒரு குட்டிக் கிழங்கு. இரண்டாம் வருஷம் கொஞ்சம் கொடி. பெரும்பாலும் மூன்றாம் வருஷம்தான் பூ.

நூற்றைந்து நாளில் நெல்லை அறுத்துப் பழகின ஊரில் மூன்று வருஷம் என்றால், "வேற வேலை இல்லியா தம்பி?" என்கிறார்கள்.

*

அந்த நூற்றைந்து நாள் நெல்லே இந்த மாதிரித் தரகு வேலையில் வந்ததுதான் என்பதை மறந்துவிடுகிறோம். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1960களில் ஜப்பானிய 'நோரின் 10'-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24 என்ற கிச்சிலிச் சம்பாவையும் சேர்த்து எடுத்த ஆடுதுறை 27 தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரவியது. நெல் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? அரிசி மணி அளவுக்குள் எல்லாம் அடக்கம். அதில் கத்திரிக்கோலும் இடுக்கியும் வைத்து ஆண் பாகத்தை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், உள்ளங்கை அகலக் காந்தளில் வேலை செய்வது பிள்ளை விளையாட்டு.

கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. டி.எஸ்.வெங்கட்ராமன் முதலானவர்கள் அங்கே நல்ல கரும்பைக் காட்டு நாணல் மாதிரியான ஒன்றோடு சேர்த்தார்கள். அதில் வந்ததுதான் 'கோ 205'. அதே நிலையத்தில் 1930களில் வேலை பார்த்தவர் ஈ.கே.ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-ல் பிறந்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்துக் காட்டியவர். பிறகு இங்கிலாந்து போனார். அங்கே விஸ்லியில் உள்ள ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளின் முளையில் ஒரு மருந்தைத் தடவி, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அவர் பெயரிலேயே ஒரு மக்னோலியா இருக்கிறது. 1951-ல் நேரு கூப்பிட்டு இந்தியா திரும்பியவர், கடைசிக் காலத்தை மதுரவாயலில் ஆராய்ச்சிக்கூடத்தில் செடிகளோடு கழித்து 1984-ல் காலமானார். பூந்தமல்லி ரோட்டில் டிராபிக்கில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் தடவிய மருந்தின் பெயர் கால்ச்சிசின். செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுத்துப் பிரிப்பதற்கு உள்ளே நூல் மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. கால்ச்சிசின் அந்த நூலைக் கட்டவிடாது. பாகப்பிரிவினை நடக்காமல் சொத்து முழுவதும் ஒரே வீட்டில் தங்கிவிடும். செடியில் இதைச் செய்தால் சில சமயம் பூ பெரிதாகும், இலை தடிக்கும். 1937-ல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இருவர் இதை எழுதியதிலிருந்து உலகம் முழுக்கச் செடி வளர்ப்பவர்கள் கால்ச்சிசின் புட்டியும் கையுமாக அலைந்தார்கள். விதையில்லாத தர்பூசணி அந்த வழியில் வந்ததுதான்.

கால்ச்சிசின் ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டுப் பூச்செடியில் கிடைக்கிறது. இங்கே நம் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. அத்தனை செடிகளையும் மாற்றிவிட்ட மருந்தைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, தான் மட்டும் பெரிய மாற்றமில்லாமல் வேலியில் நிற்கிறாள் காந்தள். பூவின் அழகுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதில் ஜப்பானின் கோச்சி மாகாணத்துக்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். அவர்கள் காந்தளைப் பூச்செண்டுக்கென்றே பயிராக்குகிறார்கள். இங்கே பூவாக அதை யாரும் வாங்குவதில்லை. பூக்கடைக்காரரிடம் ஒரு கொத்து காட்டினேன். "சாமிக்கா, பொணத்துக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது.

வீட்டுத் தோட்டத்தில் இதையெல்லாம் சாதிக்க முடியுமா என்று கேட்பவர்கள் கொடைக்கானலைப் பார்க்கலாம். எம்.எஸ்.வீரராகவன் ஐ.ஏ.எஸ். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மனைவி கிரிஜாவோடு அங்கே வீட்டிலேயே ரோஜா கலப்பினம் செய்தவர். ஐரோப்பிய ரோஜாக்களுக்கு வெயில் ஆகாது என்பதால், மணிப்பூர்ப் பக்கத்துக் காட்டு ரோஜாவையும் தண்ணீர் தேங்கும் இடத்தில் வளரும் இன்னொரு இந்தியக் காட்டு ரோஜாவையும் வைத்து நம் தட்பவெப்பத்துக்கேற்ற செடி எடுக்கப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்த ரோஜா ஒன்றுக்கு வைத்த பெயர் 'ஈ.கே.ஜானகி அம்மாள்'.

*

இனி, கண்வலி என்று பயமுறுத்திய காரணம்.

நான் தொட்டியில் நட்டதை அம்மா முதல் வருஷம் முழுக்க எதிர்த்தாள். வழக்கமாக என் தோட்டத்தைப் பற்றி அவள் சொல்வது, "கத்திரி போட்டா கூட்டுக்காவது ஆகும்" என்ற அளவோடு நிற்கும். இது அப்படி இல்லை. "இந்த வீட்டுல அது வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு நாலு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் சொன்னாள். அவளுடைய சின்ன வயதில் ஊரில் தெருக்கோடி வீட்டில் ஒரு பெண். புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். வேலியில் இருந்ததுதான். மூன்று நாள். "அதுக்கப்புறம் எங்கப்பா அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துண்டு போய்த் தெரு வேலி பூரா தோண்டிப் போட்டார்."

டெல்டாவிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இப்படிப்பட்ட கதை இல்லாத ஊர் குறைவு. தெரியாமல் தின்றவர்களும் உண்டு. மண்ணிலிருந்து எடுத்த கிழங்கு வள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது என்று வேகவைத்துச் சாப்பிட்டவர்கள். அதே நூல் கட்டவிடாத வேலைதான். உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுமோ அங்கெல்லாம் பெருக்கம் நிற்கும். குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்று பிழைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு உடம்பு முழுக்க முடி கொட்டிப்போனதைப் பற்றி 1966-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: யாராவது, குழந்தையோ பெரியவரோ, இதன் எந்தப் பாகத்தையாவது விழுங்கிவிட்டால், "ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருக்கான்" என்று பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. முதல் சில மணி நேரம் நன்றாகத்தான் இருப்பார்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன செடி என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும், முடிந்தால் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாட்டு வைத்தியத்தில் இதைச் சுத்தி செய்து பயன்படுத்துவார்கள் என்பது உண்மை. அது படித்த வைத்தியர் வேலை. பக்கத்து வீட்டு மாமா வேலை இல்லை.

அம்மா சொன்னதற்குப் பிறகு செடியை எடுத்துவிடுவதா என்று நானும் யோசித்தேன். எதிர்வீட்டு மாமியின் பேத்திக்கு நாலு வயது. சிவப்பு உருண்டை எதைப் பார்த்தாலும் அதற்கு ஜெம்ஸ் மிட்டாய். அரளியும் ஊமத்தையும் ஊரெல்லாம் நிற்கிறதே என்று வாதாடலாம். வாதாடி அம்மாவிடம் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

தொட்டிகளெல்லாம் மொட்டைமாடிக்குப் போயின. மாடிப்படிக்கு கிரில் கதவு, பூட்டு, சாவி அம்மாவிடம். இது அம்மாவின் நிபந்தனை. காய் வெடிப்பதற்கு முன்பே எல்லாக் காய்க்கும் துணிப்பை. விதையும் கிழங்கும் சமையலறைப் பக்கம் வரவே கூடாது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி தின்பண்ட ஞாபகம் வரும் எதிலும் போடக்கூடாது. கோடையில் கிழங்கைத் தோண்டி மணலில் புதைத்து வைக்கும் தகர டப்பாவின்மேல் சிவப்புப் பெயின்ட்டில் மண்டை ஓடு வரைந்திருக்கிறேன். என் ஓவியத் திறமையில் அது பூசணிக்காய் மாதிரி இருப்பதால், பக்கத்தில் 'விஷம்' என்றும் எழுதியிருக்கிறேன்.

செடி வேண்டும் என்று கேட்கிறவர்களிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டில் சின்னக் குழந்தை உண்டா, ஆடு மாடு உண்டா, மனசு சரியில்லாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குச் சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும்.

*

காசு? இருக்கிறது. விதை கிலோ ஆயிரங்களில் விற்கும். ஆனால் விலை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் சரியும். வாங்குகிறவர்கள் சொல்வதுதான் விலை, அரசாங்கம் ஒரு விலை வைக்க வேண்டும் என்பது விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்பது. மறுமுனையில் என்ன நடக்கிறது? யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குகிற கவுட் நோய்க்குக் கால்ச்சிசின் பழைய மருந்து. அமெரிக்காவில் பல வருஷமாகச் சுமார் 10 சென்ட்டுக்குக் கிடைத்த மாத்திரை. 2009-ல் ஒரு கம்பெனிக்கு முறையான அனுமதியும் தனி உரிமையும் கிடைத்தன. மாத்திரை விலை சுமார் 5 டாலர் ஆனது. அதே மருந்து, அதே கட்டைவிரல். லாப நஷ்டக் கணக்கு படித்த எனக்கே தலை சுற்றியது. 2023-ல் இதையே குறைந்த அளவில் இதய நோய்க்காரர்களுக்கும் கொடுக்கலாம் என்று அங்கே அனுமதித்திருக்கிறார்கள். மூலனூர்க்காரருக்கு அதில் என்ன வந்தது என்று தெரிந்தால் யாராவது எழுதுங்கள்.

விதைக்கு விலை இருப்பதால் வேலிக் கிழங்குக்கும் கிராக்கி. தானாக வளர்ந்ததைத் தோண்டி மூட்டை கட்டுகிறார்கள். வேலியே காம்பவுண்டு சுவராக மாறிவிட்ட பிறகு தோண்டுவதற்கும் அதிகமில்லை. வேண்டுமென்றால் பயிரிடுகிறவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள், வேலியில் கை வைக்காதீர்கள்.

என் கல்யாணங்களின் நிலவரம் இது. தாய், வேதாரண்யத்துப் பக்கம் பெரியப்பா வீட்டு வேலியில் இருந்து அவரே விதையாகக் கொடுத்தது. இதழ் ஒல்லி, நெளிவு அதிகம். தந்தை, மூலனூரில் ஒரு விவசாயியிடம் வாங்கிய கிழங்கு. இதழ் கொஞ்சம் அகலம். எனக்கு வேண்டியது, மேல்பாதி சிவப்பு அடிப்பாதி மஞ்சள் என்று நிற்கிற அந்த நடுநாள் அழகு சீக்கிரம் போகாமல் இன்னும் ஒன்றிரண்டு நாள் தங்குகிற பூ. பேராசை ஒன்றும் இல்லை.

நாற்பத்து மூன்று விதை போட்டேன். பதினெட்டு முளைத்தன. இரண்டு மழைக்காலம் தாண்டி நின்றது பதினொன்று. போன கார்த்திகையில் நாலு பூத்தன. மூன்று, அப்பாவை உரித்து வைத்திருந்தன. ஒன்பதாம் நம்பர் மட்டும் அம்மாவின் நெளிவும் அப்பாவின் அகலமுமாக வந்து, மஞ்சளை ஏழாம் நாள் வரை விடவில்லை. ஒரு வருஷத்துப் பூவை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. மழை, வெயில் எதனால் வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த வருஷமும் அதே மாதிரி பூத்தால்தான் பதிவேட்டில் மசியால் எழுதுவேன். இப்போதைக்குப் பென்சில்.

அந்த ஏழு நாளும் காலையில் கிரில் பூட்டைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் மாடியேறியது அம்மாதான். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருக்கோடி வீட்டுப் பெண்ணின் பெயரை மட்டும் ஒரு நாள் சொன்னாள். அதுவரை அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை, பதிவேட்டிலும் எழுதவில்லை. எதிர்வீட்டுப் பேத்திக்கு அடுத்த வைகாசியில் ஐந்து முடிகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று என்னிடம் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டது. இந்த ஆடிக்குள் கிரிலில் இன்னொரு கொக்கி, அதன் கைக்கு எட்டாத உயரத்தில் போட வேண்டும்.